பதினோராம் மாடிக்காரியின் கேள்வி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தனான். நாலு நான் பெத்தது, இரண்டு செத்துப்போன கொழுந்தனுடையது. ஆறும் ஒரே சட்டியில் சாப்பிட்டதுகள். எது ஆற்றை பிள்ளை எண்டு பார்க்கிற சனத்துக்குச் சொல்லத் தெரியாது. ஊரில் ஐந்தாம் வகுப்போடை என்ரை படிப்பு நிண்டுபோச்சு. இதை நானே என்ரை கையால் எழுதுறன். ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் முழுக்கப் போகுது. போகட்டும். எனக்கு இனி ஓடிப் பிடிக்க றெயின் ஒண்டும் இல்லை.

எழுதுறதுக்குக் காரணம் என்ரை பேத்தி மெலனி. நோர்வேயில், ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பக்கம் இருக்கிற என்ரை இரண்டாவது மகளின் பிள்ளை. சட்டம் படிக்கிறாள். கடைசி வருசத்துக்கு ஒரு பெரிய கட்டுரை எழுதவேணுமாம். கொரோனா வந்த நேரம் முதியோர் இல்லங்களின் கதவைப் பூட்டினவை எல்லே, அப்பிடிப் பூட்ட ஆருக்கு அதிகாரம் இருந்தது, அரசுக்கா, கொம்யூன் எண்டு சொல்லுற நகரசபைக்கா, அந்த இரண்டு பேரையும் மறிக்கிற உரிமை மனுசருக்கு எவ்வளவு இருக்கு, இதுதான் அவள் எழுதுறது. அதின் முதல் பக்கத்தில் நான் அப்ப தமிழில் எழுதின ஒரு கடிதத்தைப் படம் பிடித்துப் போடப்போறாள். கீழே ஒரு வரி: இதை என் அம்மம்மா தனியே யோசித்து எழுதினார். அடுத்த கிழமை குடுக்கிறாளாம்.

குடுக்க முன்னம் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லவேணும்.

நாங்கள் ஒஸ்லோவின் மற்றப் பக்கம், குரோருட்டில், நாலாம் மாடி. அவ பதினோராம் மாடி. என்னைவிட ஐந்து வயது குறைவு. மெல்லிய ஆள், முழங்கை எலும்பு தெரியும். தலைமயிரைக் குட்டையாய் வெட்டியிருப்பா, அதுவும் தானே கத்தரிக்கோல் எடுத்து வெட்டினது மாதிரி. சமைக்கத் தெரியாது. அவவின்ரை சொதி ஒருக்கா குடித்தனான், தேங்காய்ப்பால் திரைஞ்சு மிதந்தது. மனுசன் நேரத்தோடை போயிட்டார். ஒரு மகன், அவன் துரொண்ட்ஹெய்ம் பட்டணத்தில் எஞ்சினியர். ஒரு பிள்ளையை வளர்த்தவவுக்கு அவ்வளவு மரியாதை, ஆறை வளர்த்த எனக்கு என்ன எண்டு நான் கனதரம் யோசித்திருக்கிறன்.

அவ கோட்டுக் கட்டடத்தில் கூட்டித் துடைச்சவ. இந்த நாட்டில் வழக்கு நடக்கிற அறைக்குள் ஆரும் போய்ப் பின்வாங்கில் இருக்கலாமாம். வேலை முடிஞ்சால் எங்கடை சனம் வீட்டுக்கு ஓடும். அவ துடைப்பத்தை வைத்திட்டு, உடுப்பு மாற்றி, பின்வாங்கில் போய் இருந்து கேட்டிருக்கிறா. வருசக்கணக்காய். அப்பிடித்தான் அவவுக்கு இவ்வளவும் வந்ததெண்டு சனம் வாயைப் பிளக்கும். நானும்தான் கூட்டித் துடைச்சனான். இருபத்திரண்டு வருசம், பள்ளிக்கூடங்கள். எனக்குக் கணக்கும் வரேல்லை, பூகோளமும் வரேல்லை.

அவவிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒரே ஒரு கேள்வி. ஆர் என்ன கடதாசியைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதலில் அதைத்தான் கேட்பா.

“இது ஆற்றை கை?”

எங்கடை சனத்துக்குக் கடதாசி எண்டு வந்தால் எல்லாம் அரசாங்கம்தான். பள்ளிக்கூடம் எழுதினாலும் கொம்யூன், பஸ்காரன் தண்டம் எழுதினாலும் கொம்யூன், கட்டடத்துச் சங்கம் எழுதினாலும் கொம்யூன். ஊரில் கந்தோர் முத்திரை குத்தின கடதாசி வந்தால் இரண்டு கையாலும் வாங்கிப் பழகின ஆக்கள். இஞ்சையும் அப்பிடியே வாங்கினம். எது ஆர் அனுப்பினது எண்டு பிரிச்சுப் பார்க்க ஒருத்தருக்கும் தோணேல்லை. அவ மட்டும் பிரிப்பா. மீன்கடையில் நல்லதையும் பழுதையும் பிரிக்கிற மாதிரி, தலைப்பைப் பார்ப்பா, கீழே பேரைப் பார்ப்பா, பிறகுதான் நடுவில் இருக்கிறதை வாசிப்பா.

ஒரு கோடையில் நான் பல்கனியில் மீன் காய வைத்தனான். நல்ல வெயில். நோர்வேயின் வடக்கிலிருந்து வந்த மீன், உப்புப் பிடிச்சு வாசமாய்க் காய்ஞ்சு வந்தது. மூன்றாம் நாள் கதவில் ஒரு கடதாசி. மகள் போனில் பார்த்து வாசிச்சுச் சொன்னாள், பல்கனியில் உணவு காயவிட ஏலாதாம். நான் பயந்துபோய் முழு மீனையும் குப்பைக்குள் போட்டிட்டன். அடுத்த நாள் லிப்ற்றில் அவ.

“அக்கா, மீனை ஏன் எடுத்தனீங்கள்? வாசம் பதினொண்டுக்கும் வந்தது, எனக்கு ஆசையாய் இருந்தது.”

“அரசாங்கம் கடதாசி அனுப்பிப்போட்டுது.”

அவ கடதாசியை வாங்கிப் பார்த்தா. பார்த்திட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்பை நான் மறக்கேல்லை.

“அக்கா, அரசாங்கத்துக்கு உங்கடை மீனோடை என்ன அலுவல்? இது கட்டடத்துச் சங்கம். இதிலை நீங்களும் ஒரு ஆள், நானும் ஒரு ஆள். நாங்கள் கை தூக்கிப் போட்ட விதி, நாங்களே கை தூக்கி எடுக்கலாம்.”

வருசக் கூட்டத்தில் எழும்பி நிண்டு, உடைஞ்ச நொஸ்க்கில், அதுதான் இந்த நாட்டுப் பாசையில், கதைச்சா. ஆர் முறைப்பாடு செய்தது, எப்ப தீர்மானிச்சது, ஏன் எங்களைக் கேட்கேல்லை எண்டு. எட்டாம் மாடியில் இருந்த நோர்வேக் கிழவர் ஒருத்தர் தன்ரை தாயும் இப்பிடித்தான் மீன் காயப்போட்டவ எண்டு கை தூக்கினார். விதி போச்சுது. சனம் கை தட்டிச்சு. எல்லாரும் என்னைப் பார்த்து, போய் நன்றி சொல்லுங்கோ எண்டிச்சினம். என்ரை மீன் குப்பையில் எல்லே கிடந்தது. நான் சொல்லேல்லை.

அதுக்குப் பிறகு எங்கடை வேதக் கோயிலில் பூசை முடிஞ்சால் அவவைச் சுற்றித்தான் கூட்டம். முந்தி அந்தக் கூட்டம் என்னைச் சுற்றி நிண்டது. பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியச் சரக்கு இடிக்க, குழந்தைக்கு வயிறு ஊதினால் என்ன செய்யிறதெண்டு கேட்க, என்னட்டைத்தான் வாறவை. பிறகு பார்த்தால் நான் வட்டிலப்பமும் கையுமாய் நிக்கிறன், சனம் கடித உறையும் கையுமாய் அவவுக்குப் பின்னால் நிக்குது. அவ கைப்பையில் சின்னப் புத்தகம் ஒண்டு வைத்திருந்தவ, மீன் கட்டிவைக்கிற பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றி. நான் முதல் அதைச் செபப் புத்தகம் எண்டு நினைச்சனான். பேந்துதான் தெரிஞ்சது, நோர்வேயின் அரசியலமைப்பு. செபமாலையோடை ஒண்டாய்க் கிடக்கும். மற்ற ஆக்கள் சங்கீதம் இருபத்துமூன்று எண்டு சொல்லுறது மாதிரி அவ நூற்றிப்பதின்மூன்று எண்டு சொல்லுவா.

“நூற்றிப்பதின்மூன்று என்ன சொல்லுது தெரியுமோ? அதிகாரத்திலை இருக்கிறவை ஒரு தனி ஆளிலை கை வைக்கிறதெண்டால் சட்டத்திலை அதுக்கு இடம் இருக்கவேணும். இல்லாட்டி கையை எடுக்கவேணும். அவ்வளவுதான்.”

இப்ப இவரைப் பற்றிச் சொல்லவேணும். இவர் எண்டால் என்ரை மனுசன். முதலில் இந்த நாட்டின் வடக்கில் மீன் பக்ரறி, பிறகு ஒஸ்லோவில் கோப்பை கழுவினது, பிறகு தபால். வாசிப்புப் பைத்தியம். பேப்பரில் சீனி சுத்தி வந்தாலும் சீனியைக் கொட்டிப்போட்டுப் பேப்பரை வாசிப்பார். என்னோடை என்னத்தை வாசிச்சுக் கதைக்கிறது? அவ வந்த பிறகு இவருக்குக் கதைக்க ஆள் கிடைச்சுது. சனிக்கிழமைகளில் ஸ்ரேசனுக்கு மேலே இருக்கிற வாங்கில் இரண்டு பேரும் பேப்பரை நடுவில் விரிச்சபடி. ஒளிச்சு மறைச்சு ஒண்டும் இல்லை, ஊரே பார்க்கிற இடம். அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஒளிச்சிருந்தால் ஒரு சண்டையாவது பிடிச்சிருக்கலாம்.

ஒரு நாள் நான் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு போனனான். அவ தன்ரை தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தா. தம்பி அமெரிக்காவில்.

“அங்கை ரண்டு அரசாங்கம் அண்ணை. ஒண்டு மாநிலத்தது, மற்றது முழு நாட்டுக்கும். ஆதியிலை உரிமைகளை எழுதேக்கை பெரிய அரசாங்கத்தின்ரை கையை மட்டும் கட்டினவை. எல்லாருக்கும் அதிலைதான் பயம். மாநிலத்தின்ரை கை அவிட்டபடி. அது அடிச்சால் அந்தப் புத்தகத்தைக் காட்ட ஏலாது.”

“பேந்து?”

“பேந்து அவைக்குள்ளையே பெரிய சண்டை. அடிமையாய் வைச்சிருந்த சனத்தை விட்ட சண்டை. அது முடிஞ்ச பிறகுதான் மாநிலத்தின்ரை கையையும் கட்டத் துவங்கினவை. அதுவும் ஒரேயடியாய் இல்லை அண்ணை. கோட்டு ஒவ்வொரு வழக்காய்ப் பார்த்து, ஒவ்வொரு விரலாய்க் கட்டினது.”

இவர் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது மனுசன், பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி.

“இஞ்சை எப்பிடி பிள்ளை?”

“இஞ்சை மாநிலம் எண்டு ஒண்டில்லை. அரசு, அதுக்குக் கீழை கொம்யூன். கொம்யூனுக்குத் தன்ரை அலுவலைத் தானே பார்க்கிற உரிமை இருக்கு. ஆனால் கயிறு ஒண்டுதான். அரசைக் கட்டின அதே கயிறு கொம்யூனையும் கட்டும். நான் சின்னது, எனக்குத் தெரியாது எண்டு அது சொல்ல ஏலாது.”

“எங்கடை நாட்டிலை?”

அவ பேப்பரை மடிச்சு மடியில் வைத்தா. பிறகு சொன்னா, “எங்களுக்கும் ஒரு கயிறு இருந்தது அண்ணை. இருபத்தொன்பது எண்டு இலக்கம். பாராளுமன்றம் ஒரு இனத்துக்கு மட்டும் பாதகமாய்ச் சட்டம் செய்ய ஏலாது எண்டு. அது பெரிசாய் ஒண்டையும் பிடிச்சு நிப்பாட்டேல்லைத்தான். எண்டாலும் இருந்தது. பேந்து புதிசாய் அரசியலமைப்பு எழுதேக்கை அதை எழுதாமல் விட்டிட்டாங்கள். என்ரை ஐயா அண்டைக்குச் சாப்பிடேல்லை. நான் அப்ப சிரிச்சனான், ஒரு இலக்கத்துக்கு ஆரும் பட்டினி கிடப்பினமோ எண்டு.”

அந்த இடத்தில் எனக்கும் நெஞ்சு ஒரு மாதிரி இருந்தது. இருந்ததை இருந்தது எண்டுதான் சொல்லவேணும். ஆனால் உடனே இவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “அது சரி பிள்ளை, வீட்டுக்குள்ளை இருக்கிற அரசாங்கத்தின்ரை கையை எந்தக் கயித்தாலை கட்டுறது?” எண்டார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணி வரச் சிரிச்சினம். நான் பிளாஸ்கை மூடிக்கொண்டு திரும்பி வந்திட்டன். தேத்தண்ணியை வீட்டில் நானே தனிய இருந்து குடித்தனான், மூண்டு கோப்பை.

அவவும் இவரும் சிரிச்சது அதிகம் நாளைக்கு நீடிக்கேல்லை. இவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துபோச்சு. அதோடை இன்னொரு வேலையும் நடந்தது, முப்பது வருசம் கதைச்ச நொஸ்க் முழுக்க மறந்துபோச்சு. ஒரு சொல்லும் இல்லை. தமிழ் மட்டும் மிச்சம். முதியோர் இல்லத்தில் இடம் குடுத்தவை. அங்கை தமிழ் தெரிஞ்ச ஒரு குருவியும் இல்லை. அதாலை நான் ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் போவன். “ஆ எண்டுங்கோ” எண்டு நான் சொன்னால்தான் வாய் திறப்பார். வேலை செய்யிற பிள்ளையள் நல்லதுகள், எவ்வளவு தெண்டிச்சாலும் அவையின்ரை பாசைக்கு அவர் வாய் திறக்கிறேல்லை.

கொரோனா வந்தது. ஒரு நாள் காலமை போறன், கதவில் கடதாசி. ஒருத்தரும் உள்ளே வர ஏலாது, மறு அறிவித்தல் வரை. கண்ணாடிக்கு அங்காலை நிண்ட பிள்ளை கையைக் காட்டி, மேலிடம், மேலிடம் எண்டாள். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடை திரும்பி வந்தன்.

மகள் போனில் அண்டைக்கே சொன்னாள், “அம்மா, பதினோராம் மாடி அன்ரியைக் கேளுங்கோ. அவவுக்குத் தெரியும்.”

“ஏன், எனக்கு வாய் இல்லையோ?”

“உங்களுக்கு வாய் இருக்கு, அவவுக்குச் சட்டம் தெரியும்.”

“அரசாங்கம் பூட்டினதை அவ திறக்கப்போறாவோ? உன்ரை வேலையைப் பார்.”

பார்த்தீர்களோ, எனக்குத் தெரியும். அவ திறப்பா எண்டு எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை. என்ரை மனுசனிட்டைப் போறதுக்கு நான் அவவின்ரை கதவைத் தட்டவேணுமோ? மூன்று கிழமை நான் தட்டேல்லை. லிப்ற்றுக்குள் ஏறி, பதினொண்டை அமத்தி, கதவு திறக்க, இறங்காமல் அப்பிடியே திரும்பிக் கீழே வந்திருக்கிறன். இரண்டு தரம். அந்த மூன்று கிழமையில் இவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் எண்டு எனக்குத் தெரியாது. போனில் பிடிச்சுக் காட்டினவை. காதுப் பக்கம்தான் தெரிஞ்சது. காது மெலிஞ்சிருந்தது. காது மெலியும் எண்டு நான் அண்டைக்குத்தான் கண்டன்.

அவ அந்த நாளில் லிப்ற்றில் ஏறுறேல்லை, வருத்தம் தொத்தும் எண்டு. பதினொரு மாடியும் நடை. ஒரு பின்னேரம் எங்கடை வாசலுக்கு வெளியே ஆரோ மூச்சு வாங்கிற சத்தம். திறந்தால் அவ, சாமான் பையோடை படியில் குந்தியிருக்கிறா. என்னைக் கண்டதும் சுகம் கேட்கேல்லை. எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு கேட்கேல்லை. வாய்த்துணிக்கு மேலாலை கண் மட்டும் பார்த்தது.

“அண்ணையின்ரை கதவு ஆற்றை கை?”

நான் அழுதிட்டன். அவவுக்கு முன்னால். இண்டைக்கும் அதை நினைச்சால் முகம் சுடுகுது.

நாலு படி மேலே தள்ளி இருந்தா. நான் வாசல் படியில். கதவுக் கடதாசியை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தனான். போனை நடுப்படியில் வைத்திட்டு நான் தள்ளி நிக்க, அவ இறங்கி வந்து எடுத்துப் பார்த்தா. தலைப்பு, கீழே பேர், பிறகு நடு.

“இல்லத்துத் தலைவியின்ரை கையெழுத்து. வேறை ஒருத்தற்றையும் இல்லை. எந்தச் சட்டம் எண்டும் இல்லை.”

அங்கேயே இருந்து போன் அடிச்சா. இல்லம், கொம்யூன் சொன்னது எண்டுது. கொம்யூன் ஆக்கள், நாங்கள் கவனமாய் இருங்கோ எண்டுதான் சொன்னது, பூட்டச் சொல்லேல்லை எண்டிச்சினம். அரசின் இலக்கத்துக்கு அடிச்சு ஒரு மணித்தியாலம் காத்திருந்தா. அவை ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாய்ப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேணும், எல்லாருக்கும் ஒண்டாய்க் கதவடைக்கிற மாதிரி இல்லை எண்டு சொன்னவை. அந்த ஒரு மணித்தியாலமும் போனில் பாட்டுப் போச்சு.

“பார்த்தீங்களோ அக்கா? கதவை ஒரு கை பூட்டியிருக்கு. ஆற்றை கை எண்டு கேட்டால் எல்லாரும் கையைப் பின்னாலை ஒளிக்கினம். சரி, கொப்பியும் பேனையும் எடுத்து வாங்கோ.”

“நீங்களே எழுதுங்கோவன். உங்களுக்கு நொஸ்க் தெரியும்.”

“நான் எழுதமாட்டன்.”

“ஏன், கெஞ்சவேணுமோ?”

“அக்கா, நான் அண்ணைக்கு ஆர்? பேப்பர் வாசிக்கிற ஆள். குடும்பத்தை மதிக்கவேணும் எண்டு நூற்றிரண்டிலை எழுதியிருக்கிறது உங்களுக்கு. மனுசி நீங்கள். கயித்தின்ரை மற்றத் தலைப்பு உங்கடை கையிலை. நான் இழுத்தால் ஒண்டும் நடக்காது.”

நான் அண்ணைக்கு ஆர் எண்டு அவ கேட்டது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் எண்டு அவவுக்குத் தெரிஞ்சுதோ தெரியாது. பதிமூன்று வருசம் எனக்குள் கிடந்து அரிச்ச கேள்வியை அவ படியில் இருந்து சாதாரணமாய்க் கேட்டுப்போட்டா.

அவ சொல்லச் சொல்ல நான் என்ரை சொல்லில் எழுதினன். கதவைப் பூட்டச் சொன்னது ஆர். எந்தச் சட்டத்தில் அதுக்கு இடம். என்ரை மனுசனைத் தனியாய்ப் பார்த்து முடிவெடுத்தீங்களோ, இல்லாட்டி எல்லாரையும் ஒண்டாய்ப் பூட்டினீங்களோ. நூற்றிரண்டு, நூற்றிப்பதின்மூன்று. மூண்டு கேள்வி எழுத வெளிச்சம் போயிட்டுது. முடிஞ்சுது எண்டா. எனக்கு முடிஞ்ச மாதிரி இல்லை. கீழே இன்னும் இரண்டு வரி எழுதினன்: அவருக்கு உங்கடை பாசை மறந்துபோச்சு. நான் ஆ எண்டு சொன்னால்தான் வாய் திறப்பார்.

வாசிச்சுக் காட்டினன்.

“இதை நான் சொல்லித்தரேல்லை” எண்டா. பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் போயிட்டா.

மெலனிக்குப் படம் பிடித்து அனுப்பினன். அவளுக்கு அப்ப பதினேழு வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காய்ப் போனவள், என்ரை பேரப்பிள்ளைகளில் கையெழுத்துத் தமிழ் வாசிக்கிறது அவள் ஒருத்திதான். நொஸ்க்கில் மாற்றி அனுப்பினாள். அனுப்பிப்போட்டு போன் எடுத்தாள்.

“அம்மம்மா, நீங்களா எழுதினீங்கள்? நூற்றிரண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவளின் குரலில் அப்பிடி ஒரு ஆச்சரியம். என்னைப் பார்த்து ஆரும் அப்பிடி ஆச்சரியப்பட்டது கிடையாது. ஆறு பிள்ளையை வளர்த்ததுக்கும் ஆச்சரியப்படேல்லை.

“நான்தான். இருந்து யோசிச்சனான்” எண்டன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. கிழமைக்கு மூண்டு தரம், ஒரு ஆள், அரை மணித்தியாலம், மேலங்கியும் வாய்த்துணியும் போட்டு. போனன். இவர் பாதியாய்ப் போயிருந்தார். வாய்த்துணி போட்டிருந்தபடியால் முதலில் என்னை அடையாளம் தெரியேல்லை. “ஆ எண்டுங்கோ” எண்டன். வாயைத் திறந்தார். பத்துக் கரண்டி கஞ்சி போச்சு. பதினோராவது கரண்டிக்குக் கையால் மறிச்சிட்டு, மெதுவாய், நாக்குத் தடக்கத் தடக்கக் கேட்டார், “மேல்வீட்டுப் பிள்ளை சுகமோ? அவவோ எழுதினது?”

அவருக்கு ஆரும் ஒண்டும் சொல்லேல்லை. தானாய்த் தெரிஞ்சு கேட்டார்.

“இல்லை. நான் எழுதினது” எண்டன். “அவ இப்ப ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு வாயைத் திறந்தார். ஏழு கிழமை நான் போய்ச் சாப்பாடு குடுத்தனான். ஏழு கிழமையும் அவவைப் பற்றித் திரும்பக் கேட்கேல்லை. எட்டாம் கிழமை போயிட்டார், நான் பக்கத்தில் இருக்க. பக்கத்தில் இருக்கக் கிடைச்சது. அந்த நாளில் எத்தினையோ பேருக்கு அது கிடைக்கேல்லை.

செத்தவீட்டுக்கு எண்ணித்தான் ஆக்களை விட்டவை. பிறகு கோயில் திறந்த நேரம் சனம் என்னைச் சூழ்ந்து நிண்டுது, எப்பிடி உள்ளே விட்டவை எண்டு. நான் சொன்னன், நான் ஒரு கடிதம் எழுதினன், பேத்தி மொழிபெயர்த்தாள். அவ ஒரு வாங்கு தள்ளி நிண்டா. கேட்டுக்கொண்டு நிண்டா. ஒருத்தி திரும்பி அவவைப் பார்த்து, “நீங்கள் உதவேல்லையோ?” எண்டு கேட்டாள். நான் குனிஞ்சு என்ரை செருப்பைப் பார்த்தன்.

“அக்காதான் எழுதினவ” எண்டா அவ. “நல்லாய் எழுதியிருந்தவ.”

பெருந்தன்மை எண்டு நீங்கள் சொல்லுவீங்கள். எனக்கு அண்டைக்கு அது கன்னத்தில் அறைஞ்ச மாதிரி. என்னைக் காட்டிக் குடுத்திருந்தால் நான் அவவோடை சமன். குடுக்கேல்லை, அதிலையும் அவ மேலே.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நிக்க, பக்கத்தில் வந்தா. இரண்டு மீற்றர் விட்டு.

“அக்கா, அண்ணை என்னை விசாரிச்சவரோ?”

எவ்வளவு மெல்லக் கேட்டா தெரியுமோ? ஆற்றை கை எண்டு ஊருலகத்தை உலுப்பின குரல் இல்லை அது. கைப்பையை இரண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு நிண்டா. நான் ஓம் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

“இல்லை” எண்டன். “அவருக்கு நினைவு இல்லை எல்லே.”

“அதுதானே” எண்டா. “எங்கை நினைவிருக்கப் போகுது.”

பஸ் வந்தது. அவ ஏறேல்லை, நடந்து போயிட்டா.

அடுத்த வருசம் மகன் வந்து துரொண்ட்ஹெய்முக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டான். அங்கை இரண்டு வருசம் இருந்து செத்துப்போனா. கோயிலிலிருந்து இரண்டு வான் பிடிச்சுச் சனம் போச்சு. எனக்கு முழங்கால் நோகுது எண்டு சொன்னனான். முழங்கால் நல்லாய்த்தான் இருந்தது.

மெலனி, இதுதான் பிள்ளை. எழுதினது என்ரை கை. யோசிச்சது அவவின்ரை தலை. கடைசி இரண்டு வரி மட்டும் என்னுடையது, அதை நான் ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்கமாட்டன். நீ சட்டம் படிக்கப் போனது என்ரை கடிதத்தாலை எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரியிறாய். ஒவ்வொரு தரமும் எனக்கு இனிக்கும். இனிச்சு முடிய அந்த பஸ் தரிப்பு கண்ணுக்குள் வரும். நீ என்னை அப்பிடிப் பார்க்கிற பார்வையை அவவுக்குக் குடுக்க எனக்கு இண்டைக்கும் விருப்பமில்லை. விருப்பம் வந்து நான் இதை எழுதேல்லை. அச்சில் வந்தால் அழிக்க ஏலாது எண்ட பயத்தில் எழுதுறன்.

அவவின் பேரை நான் இதில் ஒரு இடத்திலும் எழுதேல்லை, கவனிச்சிருப்பாய். எழுதப் பேனை வைத்தனான், கை போகேல்லை. இவ்வளவு வயதுக்குப் பிறகும் அப்பிடித்தான் இருக்கிறன். நீ இப்ப இந்தக் கதிரையில் இருந்து, முதலிலிருந்து எனக்குக் கேட்கச் சத்தமாய் வாசி. நான் பிழையாய் எழுதின இடத்தைத் திருத்தாமல் வாசி. முடிச்சுப்போட்டு, அவவின்ரை பேர் என்ன அம்மம்மா எண்டு கேள். வாயால் சொல்லுறன். நீ எழுது.